ஜென்செட்டுக்குத் தனி மாட்யூல் வேண்டுமா? சிஆர்எம்-மில் கஸ்டம் ஆப்ஜெக்ட் எங்கே தேவை, எங்கே தேவையில்லை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டீசல் ஜெனரேட்டர் (ஜென்செட்) விற்று, சர்வீஸும் பார்க்கிற நிறுவனம். வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்து வைக்க ஜோஹோ சிஆர்எம் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கஸ்டமர் பக்கத்திலேயே 'ஜென்செட் 1 சீரியல் நம்பர்', 'ஜென்செட் 1 கேவிஏ', 'ஜென்செட் 1 ஏஎம்சி முடியும் தேதி' என்று ஆரம்பித்து, நான்கு செட் வரைக்கும் ஃபீல்டு போட்டிருக்கிறார்கள் (கேவிஏ என்பது செட்டின் திறன், ஏஎம்சி என்பது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்). ஒரு மில் இப்போது ஐந்தாவது செட் வாங்கிவிட்டது. அந்த விவரத்தை யாரோ ரிமார்க்ஸில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐந்தாவதற்கும் ஃபீல்டு சேர்ப்பதா, ஜென்செட்டுக்கென்று கஸ்டம் மாட்யூல் (நாமே அமைத்துக்கொள்கிற தனிப் பதிவேடு, சில மென்பொருளில் கஸ்டம் ஆப்ஜெக்ட் என்பார்கள்) உருவாக்குவதா? உருவாக்கினால் ஏஎம்சி, சர்வீஸ், ஸ்பேர், டீலர் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வேண்டுமா?

ஜென்செட்டுக்கு வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சர்வீஸ் விசிட்டுக்கும் வேண்டும். ஏஎம்சி ஒப்பந்தத்துக்கு வேண்டும், ஆனால் ஏஎம்சி புதுப்பிக்கிற விற்பனைக்கு வேண்டாம். ஸ்பேருக்கும் டீலருக்கும் வேண்டவே வேண்டாம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். அது பிடிபட்டுவிட்டால் நாளைக்கு வேறொன்று வரும்போது நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

இப்போது இருக்கிற அமைப்பில் என்ன கோளாறு? 'அடுத்த மாதம் ஏஎம்சி முடிகிற செட்கள் எவை' என்று ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். நான்கு தேதி ஃபீல்டிலும் தனித்தனியாக நிபந்தனை போட வேண்டும். அப்படிப் போட்டாலும் வருவது கஸ்டமர் பெயர்ப் பட்டியல்தான், எந்தச் செட் என்று அதில் இருக்காது. 'நம் பராமரிப்பில் 125 கேவிஏ செட் மொத்தம் எத்தனை' என்ற சாதாரணக் கேள்விக்கு எக்செல்லில் இறக்கிக் கையால் எண்ண வேண்டியிருக்கும். இது சிஆர்எம்-மோடு பிறந்த பிரச்சினையும் இல்லை. 1970-லேயே ஐபிஎம்-இல் இருந்த எட்கர் காட், ஒரு ரெக்கார்டுக்குள் அதே மாதிரித் தகவலைத் திரும்பத் திரும்ப அடுக்காமல் தனி அட்டவணையாகப் பிரித்துத் தொடர்புபடுத்த வேண்டும் என்று எழுதிவிட்டார். ஃபீல்டு பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் வர ஆரம்பித்தாலே அங்கே இன்னொரு அட்டவணை ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

ஆனால் 'ஒன்றுக்கு மேல் இருக்கிறது' என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. ஒரு கஸ்டமருக்கு மூன்று போன் நம்பர் இருக்கும். அதற்காக யாரும் போன் நம்பர் மாட்யூல் போடுவதில்லை. நான் பார்ப்பது வேறு. அந்தப் பொருளுக்குக் கஸ்டமரை விட்டுத் தனியாக ஒரு வாழ்க்கை இருக்கிறதா? கஸ்டமர் பெயரையே சொல்லாமல் அதைப் பற்றி யாராவது கேள்வி கேட்பார்களா? அதற்கென்று ஒரு தொடக்கம், சில கட்டங்கள், ஒரு முடிவு இருக்கிறதா? இவற்றுக்கு 'ஆமாம்' வந்தால் தனி ஆப்ஜெக்ட். வராவிட்டால் ஃபீல்டு, அல்லது ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒன்று.

ஜென்செட்டை இதில் வைத்துப் பார்க்கலாம். ஒரு நூற்பாலை 125 கேவிஏ செட் ஒன்றை வாங்கி ஆறு வருடம் ஓட்டுகிறது. பிறகு பெரியது வாங்கிக்கொண்டு, பழையதை ஒரு கல்யாண மண்டபத்துக்கு விற்றுவிடுகிறது. மண்டபத்துக்காரர் உங்களுக்கே போன் செய்து, 'அந்தச் செட்டுக்கு நீங்களே சர்வீஸ் பாருங்கள்' என்கிறார். இப்போது அந்தச் செட்டின் ஆறு வருடக் கதை எங்கே இருக்கிறது? மில்லின் பக்கத்தில், 'ஜென்செட் 2' என்ற ஃபீல்டுகளில். மண்டபத்துக்குப் போகிற மெக்கானிக்குக் கடைசியாக ரேடியேட்டரில் என்ன வேலை நடந்தது என்று தெரிய வழியில்லை. இயந்திரம் கைமாறியது, தகவல் கைமாறவில்லை. ஜென்செட் தனி ரெக்கார்டாக இருந்தால், 'தற்போதைய உரிமையாளர்' என்ற லுக்அப்பை (இன்னொரு ரெக்கார்டைச் சுட்டுகிற ஃபீல்டு) மாற்றினால் போதும், முழு வரலாறும் கூடவே போய்விடும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உரிமையாளரை மாற்றியதும் பழைய சர்வீஸ் விசிட் எல்லாம் மண்டபத்துக்குச் செய்ததுபோலத் தெரிய ஆரம்பிக்கும். 'போன வருடம் அந்த மில்லுக்கு எத்தனை விசிட் போனோம்' என்று கேட்டால் தப்பான எண் வரும். அதனால் சர்வீஸ் விசிட் ரெக்கார்டில் ஜென்செட்டை மட்டும் இணைக்காமல், அன்றைய தேதியில் கஸ்டமர் யார் என்பதையும் தனி லுக்அப்பாகப் பதிந்துவிடுங்கள். இரண்டு இடத்தில் ஒரே தகவல் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். உண்மையில் அவை இரண்டு வேறு தகவல்கள். இன்றைக்கு யாருடையது என்பது ஒன்று, அன்றைக்கு யாருக்குச் செய்தோம் என்பது இன்னொன்று.

அடுத்து அடையாளம். தனி ஆப்ஜெக்ட் என்றால் ஒவ்வொரு ரெக்கார்டையும் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட ஒன்று வேண்டும். சீரியல் நம்பர் இருக்கிறதே என்பீர்கள். எந்தச் சீரியல் நம்பர்? இன்ஜினுக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, செட்டுக்கு என்று தனியாக ஒன்று. ஆல்டர்னேட்டர் எரிந்து மாற்றினால் அதன் நம்பர் மாறிவிடும், செட் அதேதான். போதாததற்கு, ஒரு மெக்கானிக் பூஜ்யம் என்று எழுதியதை இன்னொருவர் ஓ எழுத்தாகப் படிப்பார், நடுவில் ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் இடைவெளி விடுவார். அதனால் நிறுவனமே கொடுக்கிற ஒரு ஆட்டோ நம்பரை (மென்பொருள் தானாகப் போடுகிற வரிசை எண்) ரெக்கார்டின் அடையாளமாக வையுங்கள். அதையே ஸ்டிக்கராக அடித்துக் கேனப்பியில் (செட்டின் வெளிக்கூடு) ஒட்டிவிடுங்கள். இன்ஜின் நம்பர், ஆல்டர்னேட்டர் நம்பர் இரண்டும் ஃபீல்டுகள். இன்ஜின் நம்பருக்கு மட்டும் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டைப் போடுங்கள். அதைப் போடாவிட்டால் ஒரே செட் இரண்டு பெயரில் பதிவாகி, ஏஎம்சி ஒன்றிலும் சர்வீஸ் இன்னொன்றிலும் கிடக்கும்.

சரி, ஜென்செட்டுக்கு மாட்யூல் வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. உருவாக்குவதற்கு முன், மென்பொருளில் ஏற்கெனவே அந்த வேலைக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு முக்கியம். இதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இன்னொரு சிஆர்எம்-மில் இருந்திருந்தால் உங்களிடம் 'கஸ்டம் ஆப்ஜெக்ட் வேண்டாம், அசெட் என்று ஒன்று தயாராக இருக்கிறது, அதை எடுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பேன். விற்ற பொருள், யாரிடம் இருக்கிறது, சீரியல் நம்பர், பொருத்திய தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. புகாரோடும் அது ஏற்கெனவே இணைந்திருக்கிறது. ஹப்ஸ்பாட் என்ற மற்றொரு சிஆர்எம்-மில் நெடுங்காலம் காண்டாக்ட், கம்பெனி, டீல், டிக்கெட் இவைதான் மையம். கஸ்டம் ஆப்ஜெக்ட் 2020-ல்தான் வந்தது, அதுவும் எண்டர்பிரைஸ் சந்தாவுக்கு மட்டும். இப்போது அங்கேயும் அப்பாயின்ட்மென்ட், கோர்ஸ், லிஸ்டிங், சர்வீஸ் என்று தயார்நிலை ஆப்ஜெக்ட்கள் இருக்கின்றன. ஜோஹோவில் ப்ராடக்ட்ஸ், கோட்ஸ், சேல்ஸ் ஆர்டர்ஸ், இன்வாய்சஸ், வெண்டார்ஸ், கேசஸ் எல்லாம் உண்டு. இதில் ப்ராடக்ட்ஸ் என்பது 'இந்த மாடல் நாங்கள் விற்கிறோம்' என்ற விலைப்பட்டியல் சமாச்சாரம். 'இந்த மில்லின் பின்கட்டில் ஓடுகிற இந்த ஒரு செட்' என்பது வேறு. மாடலையும் அந்தக் குறிப்பிட்ட செட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜென்செட் ரெக்கார்டில் ப்ராடக்ட்ஸுக்கு ஒரு லுக்அப் வைத்தால் கேவிஏ, மாடல், எரிபொருள் எல்லாம் அங்கிருந்து வந்துவிடும்.

தயாராக இருப்பதை விட்டுப் புதிதாகச் செய்தால் என்ன போகும்? ஏஎம்சி புதுப்பித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் முதலில் உருவாக்குவது 'ரினியூவல்' என்ற கஸ்டம் மாட்யூல்தான். ஆனால் புதுப்பித்தல் என்பது என்ன? ஒரு தொகை, முடிய வேண்டிய தேதி, 'பேசியாயிற்று, கொட்டேஷன் போயிற்று, பிஓ (கொள்முதல் ஆர்டர்) வந்தது' என்ற கட்டங்கள், ஜெயித்தோமா தோற்றோமா என்ற முடிவு. அது அப்பட்டமான டீல், அதாவது நடந்துகொண்டிருக்கிற ஒரு விற்பனை. டீல்ஸிலேயே இரண்டாவது பைப்லைன் (விற்பனைக் கட்டங்களின் வரிசை) போட்டு 'ஏஎம்சி புதுப்பித்தல்' என்று பெயர் வையுங்கள். மாத இலக்கு, ஃபோர்காஸ்ட், கோட்ஸோடு இணைப்பு, யார் எவ்வளவு முடித்தார் என்ற கணக்கு எல்லாம் டீலை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. தனி மாட்யூலாகப் போட்டால் ஒவ்வொன்றையும் நீங்களே கட்ட வேண்டும், கட்டினாலும் முதலாளி பார்க்கிற மொத்த விற்பனை எண்ணில் அது சேராது.

புகாரும் அப்படித்தான். 'செட் ஸ்டார்ட் ஆகவில்லை' என்று போன் வந்தால் அது கேஸ், அதாவது புகாரைப் பதிய ஏற்கெனவே இருக்கிற மாட்யூலில் போக வேண்டியது. அதற்குப் புது மாட்யூல் எதற்கு? ஆனால் மெக்கானிக் நேரில் போவது வேறு விஷயம். ஒரு புகாருக்கு இரண்டு முறை போக வேண்டியிருக்கலாம், புகாரே இல்லாமல் ஆயில் மாற்றவும் போகலாம். போன தேதி, அவர் மீட்டரில் பார்த்த ஓட்ட மணி, செய்த வேலை, கஸ்டமர் கையெழுத்து எல்லாம் விசிட்டுக்கு உரியவை. அடுத்த சர்வீஸ் எப்போது என்பதே இத்தனை மணி ஓட்டம் அல்லது இத்தனை மாதம், எது முந்தி வருகிறதோ அதுதானே? ஒவ்வொரு விசிட்டிலும் பதிந்த ஓட்ட மணி வரிசையாக இருந்தால்தான் அதைக் கணக்கிட முடியும். காலையில் சர்வீஸ் கோஆர்டினேட்டர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் பார்க்க வேண்டிய பட்டியல் இதுதான். கஸ்டமர் பட்டியல் அவருக்கு அப்புறம்தான். ஒருவருடைய ஒரு நாள் வேலையே ஒரு பொருளின் பட்டியலைச் சுற்றி நடக்கிறது என்றால், அதற்குத் தனி மாட்யூல் கொடுப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்பேர் அப்படியில்லை. ஒரு விசிட்டில் ஆயில் ஃபில்டர் ஒன்று, டீசல் ஃபில்டர் இரண்டு, ஆயில் இத்தனை லிட்டர் போட்டார்கள். இந்த வரிகளைத் தனியாகத் திறந்து யாரும் பார்க்கப் போவதில்லை, அவற்றுக்கு யாரும் பொறுப்பாளர் இல்லை, அதன்மேல் டாஸ்க் போட மாட்டார்கள். விசிட் இல்லாமல் அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது. ஜோஹோவில் இதற்கென்றே சப்ஃபார்ம் இருக்கிறது, பில்லில் வரி சேர்ப்பதுபோல விசிட் பக்கத்துக்குள்ளேயே வரிகளைச் சேர்க்கலாம். ஸ்டாக் எவ்வளவு, எந்த ரேக்கில் இருக்கிறது என்ற கணக்குக்கு உங்கள் பில்லிங் மென்பொருள்தான் இடம். சிஆர்எம்-முக்குள் குடோனைக் கொண்டுவராதீர்கள்.

டீலர் விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், காரணம் இந்தத் தவற்றைத் திருத்துவதுதான் ரொம்பக் கஷ்டம். மனிதர்களையும் நிறுவனங்களையும் அவர்கள் வகிக்கிற பாத்திரத்தை வைத்துத் தனித்தனி மாட்யூலாகப் பிரிக்கக் கூடாது. இன்றைக்கு டீலராக இருப்பவர் தன் கடைக்கு ஒரு செட் வாங்கினால் கஸ்டமர். மில்லின் எலெக்ட்ரீஷியன் வேலையை விட்டு கான்ட்ராக்டர் ஆனால் உங்களுக்கு ஆர்டர் கொண்டுவருகிறவர். ஒரே ஆள் மூன்று மாட்யூலில் மூன்று போன் நம்பரோடு இருந்தால், அவரிடம் கடைசியாக யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மெயில், அழைப்பு, வாட்ஸ்அப் இணைப்புகளும் பெரும்பாலும் காண்டாக்ட்டைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அக்கவுண்ட்ஸிலேயே 'வகை' என்று ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் ஃபீல்டு வையுங்கள்: கஸ்டமர், டீலர், கான்ட்ராக்டர். டீலில் 'யார் மூலம் வந்தது' என்று இன்னொரு லுக்அப் வையுங்கள். வேலை முடிந்தது.

ஏஎம்சி ஒப்பந்தம்தான் உங்கள் கேள்வியில் நிதானமாக யோசிக்க வேண்டிய பகுதி. ஒரு ஒப்பந்தத்தில் மூன்று செட் இருக்கலாம். ஒரே செட் வருடா வருடம் வேறு வேறு ஒப்பந்தத்தில் வரும். அதாவது இரண்டு பக்கமும் பல. இந்த மாதிரி இடத்தில் ஒப்பந்தத்தில் ஜென்செட் லுக்அப் வைத்தாலும் போதாது, ஜென்செட்டில் ஒப்பந்த லுக்அப் வைத்தாலும் போதாது. நடுவில் மூன்றாவதாக ஒன்று வேண்டும், 'இந்த ஒப்பந்தத்தில் இந்தச் செட்' என்ற ஒரு வரி. ஜோஹோவில் மல்டி செலக்ட் லுக்அப் போட்டால் அந்த இணைப்பு மாட்யூலை அதுவே உருவாக்கிவிடும். சேல்ஸ்ஃபோர்ஸில் இரண்டு மாஸ்டர்-டீடெயில் உறவு (ஒன்றின் கீழ் இன்னொன்று இருக்கிற இணைப்பு) வைத்து நீங்களே ஒரு ஜங்ஷன் ஆப்ஜெக்ட், அதாவது நடுவில் இணைக்கிற ஆப்ஜெக்ட், செய்ய வேண்டும். செட் வாரியாக விலை, செட் வாரியாக இலவச விசிட் எண்ணிக்கை, பாதியில் ஒரு செட்டை நீக்கிய தேதி இதெல்லாம் அந்த நடு வரியில் உட்கார வேண்டிய தகவல்கள். ஒப்பந்தத்தில் வைத்தாலும் தப்பு, ஜென்செட்டில் வைத்தாலும் தப்பு. எப்போதும் ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரே செட்தான் என்றால் இந்த மூன்றாவது தேவையில்லை, நேரடி லுக்அப் போதும்.

உறவு வகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மேலே இருப்பதை நீக்கினால் கீழே இருப்பது என்ன ஆக வேண்டும்? சேல்ஸ்ஃபோர்ஸின் மாஸ்டர்-டீடெயிலில் மாஸ்டரை நீக்கினால் அதன் கீழே இருப்பது எல்லாம் கூடவே போய்விடும். விசிட்டை ஜென்செட்டின் கீழ் அப்படி வைக்கலாம். எத்தனை விசிட், கடைசி விசிட் தேதி எது என்று மாஸ்டரிலேயே தானாகக் கணக்கிட்டுக் காட்டுகிற ரோல்-அப் வசதியும் அந்த உறவில் கிடைக்கும். ஜென்செட்டைக் கஸ்டமரின் கீழ் அப்படி வைக்கவே கூடாது. யாரோ ஒருவர் மூடிப்போன கம்பெனி என்று கஸ்டமரை நீக்கினால், இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரங்களின் வரலாறும் சேர்ந்து அழிந்துவிடும்.

அப்புறம், தனி வாழ்க்கை இருக்கிற எல்லாமே சிஆர்எம்-முக்குள் வரவேண்டும் என்பதில்லை. இப்போது நிறைய செட்களில் ரிமோட் மானிட்டரிங் கருவி வருகிறது. அந்த அளவீடுகளையும் ஒரு கஸ்டம் ஆப்ஜெக்ட்டில் போடலாமே என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு அளவீடு என்றால் ஒரு செட்டுக்கு நாளைக்கு 1,440 ரெக்கார்டு, 100 செட்டுக்கு 1,44,000. சேல்ஸ்ஃபோர்ஸில் பெரும்பாலான ரெக்கார்டுகள், உள்ளே எவ்வளவு குறைவாக எழுதியிருந்தாலும், 2 கேபி என்றே கணக்கில் வரும். ஒரு நாளைக்குச் சுமார் 280 எம்பி. அடிப்படையாகக் கிடைக்கிற 10 ஜிபி ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும். அளவீடுகள் அதற்கான தளத்திலேயே இருக்கட்டும். சிஆர்எம்-முக்கு வரவேண்டியது 'ஓட்ட மணி இத்தனை ஆகிவிட்டது' என்ற ஒரு எண்ணும், 'ஆயில் பிரஷர் குறைகிறது' என்று உருவாகிற ஒரு கேஸும் மட்டுமே.

செலவையும் பார்த்துவிடுங்கள். எத்தனை கஸ்டம் ஆப்ஜெக்ட் உருவாக்கலாம் என்பது சந்தாவைப் பொறுத்தது. சேல்ஸ்ஃபோர்ஸில் ப்ரொஃபஷனலில் 50, எண்டர்பிரைஸில் 200 வரை, ஜோஹோவில் உங்கள் பதிப்புக்கு எத்தனை என்பதை செட்டப்பிலேயே பார்க்கலாம். ஆனால் உங்களைப் போன்ற நிறுவனத்துக்கு அந்த எல்லை ஒருபோதும் இடிக்காது. இடிப்பது வேறு. ஒவ்வொரு புது மாட்யூலுக்கும் யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், மொபைலில் எப்படித் தெரிய வேண்டும், எக்செல்லிலிருந்து எப்படி ஏற்றுவது, கணக்கு மென்பொருளோடு எப்படிப் பேசுவது, புதிதாகச் சேர்கிற பையனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு நீண்ட வால் உண்டு. அந்த வாலைத் தூக்க ஆள் இல்லாத மாட்யூல் மூன்று மாதத்தில் பாதி காலியாகக் கிடக்கும். பாதி காலியான மாட்யூலின் ரிப்போர்ட்டை நம்பி முடிவெடுப்பது, ரிப்போர்ட்டே இல்லாமல் முடிவெடுப்பதைவிட ஆபத்து.

செய்யும்போது முதலில் மென்பொருளைத் தொடாதீர்கள். ஒரு ஷீட்டில் நான்கு தாள்: கஸ்டமர், ஜென்செட், விசிட், ஒப்பந்தம். சிக்கலான கஸ்டமர்களாகப் பார்த்து ஒரு இருபது பேரின் நிஜத் தகவலை அதில் நிரப்புங்கள். ஐந்து செட் இருக்கிற மில், கைமாறிய செட், வாடகைக்கு விட்ட செட், ஒரே முதலாளிக்கு மூன்று கம்பெனி, எல்லாம் அதில் இருக்க வேண்டும். சர்வீஸ், விற்பனை, கணக்கு மூன்று பேரையும் உட்காரவைத்து, அவர்கள் வாரம் முழுக்கக் கேட்கிற கேள்விகளை எழுதச் சொல்லி, அந்த ஷீட்டிலிருந்தே பதில் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கே வடிவமைப்பு தப்பு. ஷீட்டில் திருத்த ஐந்து நிமிடம் போதும், ரெக்கார்டு ஏற்றிய பிறகு வாரக்கணக்கில் ஆகும்.

ஏற்றும்போது வரிசை முக்கியம். முதலில் கஸ்டமர் பட்டியலில் இரட்டைப் பதிவுகளைச் சுத்தம் செய்யுங்கள், பிறகு ஜென்செட், அதன் பிறகு ஒப்பந்தம், கடைசியில் விசிட். மேலே இருப்பது உள்ளே இல்லாமல் கீழே இருப்பதை இணைக்க முடியாது. பழைய 'ஜென்செட் 1, 2, 3, 4' ஃபீல்டுகளை உடனே அழிக்க வேண்டாம். யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டு, ஒரு காலாண்டு ஓடட்டும். அதற்குள் ரிமார்க்ஸ் ஃபீல்டு முழுவதையும் எக்செல்லில் இறக்கி, கேவிஏ, சீரியல் என்ற வார்த்தைகளைத் தேடி, அங்கே மாட்டிக்கொண்டிருக்கிற செட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புது மாட்யூலில் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு மில்லில் மட்டும்தான் இப்படி நடந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

உங்கள் ஏஎம்சி விலை செட் வாரியாகவா, ஒப்பந்தத்துக்கு மொத்தமாகவா என்று நீங்கள் எழுதவில்லை. மொத்தமாக என்றால் அந்த நடு மாட்யூலில் வைக்க வேண்டிய ஃபீல்டுகள் பாதியாகக் குறைந்துவிடும். அதைச் சொன்னால் எந்த ஃபீல்டு எங்கே என்று முழுப் பட்டியலாகவே எழுதித் தருகிறேன்.